கரிச் சூளையில் ஒரே ஒரு கிண்ணம்

ஜப்பானின் கியோட்டோ நகரில் ராக்கு குடும்பத்தார் கறுப்புத் தேநீர்க் கிண்ணம் சுடும் சூளையில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கிண்ணத்துக்குத்தான் இடம். நடுவில் சுடுமண்ணாலான ஒரு கூடு. மெருகு பூசிய கிண்ணம் அதற்குள் அமர்ந்திருக்கும். கூட்டைச் சுற்றிலும் பின்ச்சோடான் எனப்படும் கெட்டியான மரக்கரி. துருத்தி ஊத ஊதக் கரி கனன்று, வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டி 1,200-ஐ நெருங்கும். மெருகு உருகியதும் நீண்ட குறடு உள்ளே போகும்; செக்கச் சிவந்த கிண்ணம் வெளிக்காற்றுக்கு வந்து நிற்கும். காலியான கூட்டுக்குள் அடுத்த கிண்ணம் இறங்கும்.

கூடு எதற்கு? உருகிய மெருகு பிசினாக ஒட்டும். பறக்கும் சாம்பலும் கரித்துண்டும் பட்டால் தழும்பாகிவிடும். நெருப்பின் சூடு வேண்டும், அதன் குப்பை வேண்டாம். அதற்காகத்தான் மண்ணுக்கு மண்ணாலேயே ஒரு மறைப்பு.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. கியோட்டோவின் காமோ ஆற்றில் கிடைக்கும் இரும்பும் மாங்கனீசும் செறிந்த கருங்கல்லைப் பொடித்து மெருகு செய்கிறார்கள். பூசி, காயவைத்து, மறுபடி பூசி, கனமாக ஏற்றுகிறார்கள். ஆனால் கல் மட்டும் கறுப்பைத் தந்துவிடாது. இதே மெருகு சூளைக்குள்ளேயே மெல்ல ஆறினால், கரைந்திருந்த இரும்பு பிரிந்து பழுப்பேறும். உருகிய நிலையிலிருந்து சட்டென்று வெளியே இழுத்தால் அந்த மாற்றத்துக்கு நேரமே கிடைக்காது. கறுப்பு அப்படியே உறைந்துவிடும். ஆக, நிறத்தின் பாதி கல்லில் இருக்கிறது, மறுபாதி குறடு பிடித்தவரின் கண்ணில் இருக்கிறது. ஒரு நொடி முந்தினால் மெருகு உருகியிருக்காது; பிந்தினால் வழிந்து அடியில் தேங்கும்.

பல கறுப்புக் கிண்ணங்களின் வெளிப்பக்கத்தில் குறடு கவ்விய இடம் வடுவாகத் தெரியும். அதை யாரும் தேய்த்து மறைப்பதில்லை. பழகிய ரசிகர்களின் பார்வை முதலில் தேடிப் போகும் இடங்களில் அதுவும் ஒன்று. கிண்ணம் நெருப்பை விட்டு வந்த கணம் எது என்று அந்த வடுவைவிடத் துல்லியமாக வேறெதுவும் சொல்லாது.

இதைத் தொடங்கியவர் சோஜிரோ. 1589-இல் இறந்த இவருடைய வேர் கூரை ஓட்டுத் தொழிலில் இருந்தது என்பது பரவலான கருத்து. 1574 என்று ஆண்டு பொறித்த சிங்க உருவம் ஒன்று இவர் பெயரில் இருக்கிறது. அதில் துள்ளலுக்கும் முறுக்குக்கும் குறைவே இல்லை. அப்படி ஒரு சிங்கத்தைப் பிடித்த கை, தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் ரசனைக்கு இணங்கி, ஆட்டம் எதுவுமில்லாத ஒரு கிண்ணத்துக்கு வந்து சேர்ந்தது. 1586-இல் எழுதப்பட்ட தேநீர்க் குறிப்பொன்று ‘சோஎகி வடிவக் கிண்ணம்’ என்று ஒன்றைச் சொல்கிறது. சோஎகி என்பது ரிக்யூவின் இன்னொரு பெயர். சோஜிரோ குயவர் சக்கரத்தைத் தொடவில்லை. மண்ணைத் தட்டித் தட்டி விளிம்பை எழுப்பி, உலர்ந்ததும் கத்தியால் சீவிச் செதுக்கினார். அதனால்தான் இந்தக் கிண்ணங்களில் சக்கரம் விட்டுச் செல்லும் சுழல்வரி கிடையாது. உள்ளங்கை இரண்டும் குவிந்தால் என்ன வடிவம் வருமோ, அதுவே கிண்ணத்தின் வடிவம்.

மண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கனலிலிருந்து குளிர்காற்றுக்கு வரும் அதிர்ச்சியைத் தாங்க, மணல் கலந்த, நுண்துளைகள் நிறைந்த மண் வேண்டும். அதே துளைகள் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். தூளாக்கிய பச்சைத் தேயிலையை வெந்நீரில் அடித்து நுரைக்கவைத்துத் தரும்போது, கைப்பிடியில்லாத கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்த முடிவது இதனால்தான். விரலால் சுண்டினால் பீங்கானைப் போலக் கணீரென்று ஒலிக்காது. மங்கலாக ஒரு ‘டொக்’, அவ்வளவுதான்.

கறுப்பு எல்லோருக்கும் உவந்ததாக இருக்கவில்லை. நாட்டையே ஆண்ட தொயொதோமி ஹிதேயோஷிக்குக் கறுப்புக் கிண்ணம் பிடிக்காது என்று ரிக்யூ சொன்னதாக, ஹகாட்டா வணிகர் கமியா சோதான் 1590-இல் குறித்துவைத்திருக்கிறார். கழற்றி மாட்டக்கூடிய பொன் தேநீர் அறையை வைத்திருந்தவருக்கு அது பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. மறு ஆண்டே ஹிதேயோஷியின் ஆணைப்படி ரிக்யூ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் சாவுக்கும் கிண்ணத்துக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் பொன்னறையின் காலத்தில்தான் இந்தக் கறுப்பும் பிறந்தது என்பதை மறந்துவிட்டு அதன் துணிச்சலைப் புரிந்துகொள்ள முடியாது.

சோஜிரோவின் கறுப்பு பளபளக்காது. மெருகு முழுதாக உருகாமல், ஒளியை விழுங்கிக்கொண்டு, பழுப்பும் சாம்பலும் கலந்து கிடக்கும். ‘ஓகுரோ’ என்ற கிண்ணம் இதற்குப் பேர்போன சான்று. மூன்றாம் தலைமுறையான தோன்யூ (1599–1656) சூட்டைக் கூட்டி மெருகை நன்றாக உருகவிட்டார். அவருடைய கிண்ணங்களில் கறுப்பு ஈரமாக மின்னும். விளிம்பிலிருந்து மேல்பூச்சு திரைச்சீலை போல இறங்கும். கைத்திறனில் தோன்யூவே மேல் என்று வாதிடலாம். என்றாலும் பச்சைத் தேநீர் உள்ளே நிற்கும்போது சோஜிரோவின் கிண்ணம் ஒதுங்கி வழிவிடுகிறது. தோன்யூவின் கிண்ணம் தேநீரோடு போட்டிக்கு நிற்கிறது. குடிப்பதற்காகச் செய்த பாத்திரத்தில் அந்த ஒதுங்கல்தான் பெரிய குணம்.

ராக்கு குடும்பத்துச் சூளையின் துணையோடு ஹோனமி கோஎத்சு (1558–1637) செய்த ‘ஃபுஜிசான்’ இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். மேல்பாதி வெண்மை, கீழ்பாதி கருஞ்சாம்பல். அவர் குயவர் அல்லர். வாள் மதிப்பிடும் குடும்பத்தில் வந்த எழுத்தழகுக் கலைஞர். திட்டமிட்டு வரைந்தாலும் கிடைக்காத அந்த எல்லைக்கோட்டைப் பார்க்கும்போது, நெருப்புக்கும் அதில் பங்கு கொடுக்கத்தான் வேண்டும்.

ராக்கு என்ற சொல் இன்று உலகெங்கும் வேறொன்றைக் குறிக்கிறது. பின்னாளில் குயவராகப் பேர்பெற்ற பிரிட்டிஷ் கலைஞர் பெர்னார்ட் லீச் 1911-இல் டோக்கியோவில் ஒரு விருந்தில் இந்த வகைச் சூளையைக் கண்டு மயங்கினார். அவர் 1940-இல் வெளியிட்ட நூலைப் படித்த அமெரிக்கர் பால் சோல்ட்னர் 1960-இல் சுடச்சுட எடுத்த பாண்டத்தை இலைதழைகளுக்குள் போட்டுப் புகையூட்டினார். உலோக மினுக்கும் கறுத்த வெடிப்புக் கோடுகளும் வந்தது அந்த வழியில். அழகுதான்; ஆனால் அது புகையின் கலை. கியோட்டோவின் கிண்ணம் காற்றில்தான் ஆறுகிறது.

அந்த மரபும் தேங்கி நிற்கவில்லை. 1949-இல் பிறந்த 15-ஆம் தலைமுறை ஜிகின்யூ, கிண்ணத்தைக் கரியின் நேரடித் தாக்குதலுக்கு விடும் ‘யாகினுகி’ முறையில் முரட்டுக் கிண்ணங்களைச் செய்தார். கூடு எதைத் தடுத்ததோ, அந்தத் தழும்பையே அவர் வரவேற்றார். பாறைப் பிளவாக நிற்கும் அந்த விளிம்புகளில் வாய் வைத்துக் குடிப்பது எளிதல்ல. பார்வைக்கு மட்டும் என்றால் இணையற்றவை. 2019-இல் பொறுப்பு 16-ஆம் தலைமுறைக்கு வந்தது.

குடும்பத்தின் வீட்டை ஒட்டி 1978-இல் தொடங்கிய ராக்கு அருங்காட்சியகம், பழைய கிண்ணங்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் அமர்வுகளை நடத்துகிறது. கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்ப்பதைவிட இதுவே சரியான முறை. அங்கே உட்காருபவர் கிண்ணத்தை மெல்லத் திருப்பி, அடிவளையத்தில் மண் வெளித்தெரியும் இடத்தைப் பார்க்கலாம். ஏறி இறங்கும் விளிம்பில் உதடு பொருந்தும் பக்கத்தைத் தேடலாம். உள்ளே கடைசி மிடறு தேங்குவதற்கென்று குழித்த பள்ளத்தைத் தடவலாம். குறடு கவ்விய வடு கட்டைவிரலுக்குத் தானாகவே தட்டுப்படும்.