உறையை மீறிய தென்னை

என் மேசையில் இப்போது மூன்று வாழ்த்து அட்டைகள் இருக்கின்றன. மூன்றும் திறந்தால் எழுந்து நிற்கும் ஜாதி. பாப்-அப் என்பார்கள். ஒன்று கடையில் வாங்கியது, இன்னொன்று கைவினைக் கண்காட்சியில் வாங்கியது, மூன்றாவது இரவல். மூன்றாவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்ற இரண்டையும் கவனிக்காமல் அதற்குத் தாவினால் 'பாரபட்சம்' என்று நீங்கள் கடிதம் போடுவீர்கள்.

முதல் அட்டையில் தாஜ்மஹால். லேசர் வெட்டு. ஜன்னல் எல்லாம் கொசுவலை நுணுக்கம். இந்த மாதிரி அட்டைகள் வியட்நாமில் ஏராளமாகத் தயாராகின்றன. வெட்டுவது லேசர் என்றாலும், துண்டுகளைக் கோத்துப் பூட்டுவது மனிதக் கைகள்தான். திறந்ததும் சட்டென்று எழுகிறது, மூடினால் சமர்த்தாகப் படுத்துக்கொள்கிறது. நாலு தடவை திறந்து பார்த்தேன், ஐந்தாவது தடவை தோன்றவில்லை. வாழ்த்து எழுதத் தீப்பெட்டி அளவு இடம் விட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போய் ஒரு கல்லறையைப் பரிசளிக்கிறோமே என்பது மட்டும் யாருக்கும் உறைப்பதில்லை.

இரண்டாவது அட்டை முழுக்கக் கைவேலை. சுருட்டிய காகிதப் பூ, ஜிகினா, ரிப்பன், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் முத்து. உழைப்பில் சந்தேகமே இல்லை. ஆனால் அரை இஞ்ச் கனத்தில் அட்டை மூடவே மாட்டேன் என்கிறது. மூட முடியாத பாப்-அப், மடக்க முடியாத குடை மாதிரி. இந்தக் கலையில் பாதி சுவாரஸ்யம், இவ்வளவும் எங்கே ஒளிந்திருந்தது என்ற ஆச்சரியம்தானே?

ஒளிந்திருப்பதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அட்டையை 90 டிகிரி திறந்து வையுங்கள். ஒரு பாதி தரை, ஒரு பாதி சுவர். மடிப்பிலிருந்து 4 செ.மீ. தள்ளி, 7 செ.மீ. உயரத்தில் ஒரு வீட்டை நிறுத்துகிறீர்கள். மூடும்போது வீட்டின் உச்சி மடிப்பிலிருந்து 4+7, அதாவது 11 செ.மீ. தூரத்தில் போய்ப் படுக்கும். உங்கள் அட்டையின் பாதி 10 செ.மீ.தான் என்றால் கூரை வெளியே எட்டிப் பார்க்கும். முதன்முதலில் செய்கிற எல்லாரும் இதில் கட்டாயம் உதை வாங்குவார்கள்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கவிதை செய்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் மசாஹிரோ சதானி. டோக்கியோ தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர். 1980-களின் தொடக்கத்தில் வாழ்த்து அட்டையில் ஆரம்பித்தது, பிறகு 'ஓரிகாமிக் ஆர்க்கிடெக்சர்' என்று தனிப் பெயர் பெற்றது. ஒரே தாள். பெரும்பாலும் வெள்ளை. பசை கிடையாது. வெட்டு, மடிப்பு இரண்டே சமாசாரத்தில் மாடிப்படி, கோபுரம், வளைவு எல்லாம். 2008-ல் இறந்துபோனார். அவருடைய அட்டைகளில் நிழல்தான் வர்ணம். ஜிகினாக்காரர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம்.

அதற்காக அடுக்கடுக்காக ஒட்டுவதே தப்பு என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்தில் எஸ்தர் ஹவ்லண்ட் என்ற பெண், 1847-ல் கல்லூரி முடித்தவர், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காதலர் தின அட்டையைப் பார்த்துவிட்டு, நாமே செய்தால் என்ன என்று இறங்கினார். அப்பாவுக்கு ஸ்டேஷனரி வியாபாரம். காகித லேஸுக்கு அடியில் வர்ணத் துண்டு, அதற்கு மேல் இன்னொரு லேஸ் என்று அடுக்கு வேலை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போன அண்ணன், 200 டாலர் ஆர்டர் எதிர்பார்த்த இடத்தில் 5,000 டாலருக்குக் கொண்டுவந்தார் என்று கதை சொல்வார்கள். தோழிகளை மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக் கொடுத்தார். அட்டையின் பின்னால் சிவப்பில் 'எச்' என்ற எழுத்து. ஊரெல்லாம் காதலுக்கு அட்டை செய்து கொடுத்த அம்மணி கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசியில் அப்பாவின் உடல்நலத்துக்காகத் தொழிலையே விற்றுவிட்டார்.

சரி, மூன்றாவது அட்டை.

என் பால்ய நண்பன் ஒருவனின் பேத்தி செய்தது. ஏழாம் வகுப்பு. போன வருஷம் ஐப்பசியில் பாட்டி தவறிப்போனதால் வீட்டில் பொங்கல் இல்லை. "பண்டிகை இல்லைன்னா தாத்தாவுக்குக் கார்டு அனுப்பலாமா, கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. அதனால் வாழ்த்தே இல்லாத வாழ்த்து அட்டை. மேலே 'தாத்தாவுக்கு' என்று மட்டும்.

திறந்தால் மாயவரத்தில் விற்றுவிட்ட பழைய வீடு. மூன்று அடுக்கு. முன்னால் கேட்டும் தென்னையும். நடுவில் திண்ணை, ஊஞ்சல். பின்னால் சமையலறை ஜன்னல். அதை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குனிந்து ஊஞ்சல் சங்கிலிக்கு நடுவில் பார்த்தால், ஜன்னலுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்மணி. கொண்டை, அரக்குப் புடவை.

விமர்சகன் என்ற முறையில் குறைகளைச் சொல்லியாக வேண்டும். பசையில் தண்ணீர் ஜாஸ்தி, திண்ணை அலை அலையாகச் சுருங்கியிருக்கிறது. தென்னை மடிப்பிலிருந்து 6 செ.மீ. தள்ளி, 11 செ.மீ. உயரம். அட்டையின் பாதியோ 15. ஆக 2 செ.மீ. வெளியே. அவள் மரத்தை வெட்டவில்லை. உறையில் ஒரு கீறல் போட்டு மட்டையை வெளியே விட்டு, பக்கத்தில் 'கவனம், தென்னை மரம்' என்று எழுதி அப்பாவிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். சதானி இதை ஒப்புக்கொள்வாரா தெரியாது. குனியவைத்துப் பார்க்கச் செய்த அந்த ஜன்னலுக்கு அவரே எழுந்து கை கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நண்பனுக்கு வேறு புகார். "ஊஞ்சல் இந்தப் பக்கம் இல்லடா, அந்தப் பக்கம். வீட்டை விக்கறப்ப இவளுக்கு அஞ்சு வயசு, எப்படி ஞாபகமிருக்கும்?"

"ஜன்னல்?"

"ஜன்னல் சரியாத்தான் இருக்கு" என்றான்.

அட்டை இரவலாக வந்த காரணம், நடு மடிப்பு விரிசல் விட்டுவிட்டது. தாளில் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அதற்குக் குறுக்கே, கோடு கிழித்து அழுத்தாமல், கனத்த சார்ட் அட்டையை மடித்தால் சீக்கிரம் வெடிக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து மூடுகிறான் என்று நான் கேட்கவில்லை. செல்லோ டேப் ஒட்டலாம் என்று கிளம்பியவனைத் தடுத்துவிட்டேன். டேப் மஞ்சளாகும், பிசின் கசியும். பழைய நூல்களைப் பழுது பார்ப்பவர்கள் செய்கிற மாதிரி, பின்பக்கம் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டி, மேலே கனமான அகராதி ஒன்றை வைத்திருக்கிறேன்.

காலையிலிருந்து மூன்று தடவை போன் பண்ணிவிட்டான். "சாயங்காலத்துக்குள்ள காஞ்சுடுமாடா?"

நாளைக் காலையில் வா என்று சொல்லியிருக்கிறேன்.