ஆளைப் பிடிப்பதும் வண்டியைப் பிடிப்பதும்

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளை விடக்கூடாத இடத்தில் விட்டால், பொலிஸ்காரர் முதலில் கேட்பது ஓட்டியவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தை. சென்னையில் அதே பிழைக்குப் போக்குவரத்துக் காவலர் முதலில் பார்ப்பது வண்டியின் நம்பர் பிளேட்டை. இலங்கையில் தண்டம் ஆளின் மேல் விழுகிறது, இந்தியாவில் வண்டியின் மேல். தண்டம் யார் தலையில் போய் நிற்கிறது, அது எப்போது தெரியவருகிறது, எத்தனை நாள் அலைய வேண்டியிருக்கிறது, மறுத்துப் பேச இடமுண்டா என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன. இரண்டு நாட்டுத் தெருக்களையும் பழகியவர்கள் இதை உடனே உணர்வார்கள்.

யாழ். நகரில் கஸ்தூரியார் வீதியிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ கடை வாசலில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஒருவர் உள்ளே போகிறார் என்று வையுங்கள். திரும்பி வரும்போது வண்டிக்குப் பக்கத்தில் பொலிஸ்காரர் நிற்கிறார். அநேகமாக அவர் காத்துத்தான் நிற்பார். தாளில் பெயர், விலாசம், அனுமதிப்பத்திர இலக்கம் எல்லாம் எழுத வேண்டும். ஆளைக் காணாமல் அது சரிவராது. "லைசன்ஸ தாங்க" என்பார். "சேர், மருந்து ஒண்டு வாங்கத்தான் இறங்கினனான், ரெண்டு நிமிசம் சேர்" என்று இவர் சொல்வார். சில நாள் அது எச்சரிக்கையோடு முடியும். முடியாத நாளில் தண்டப் பத்திரம் எழுதப்படும், அனுமதிப்பத்திரம் பொலிஸ் கைக்குப் போகும். அடுத்த 14 நாளைக்கு அந்தத் தாளே தற்காலிக அனுமதிப்பத்திரம்.

இனித்தான் அலைச்சல். வழமையான முறையில் தண்டத்தைப் பொலிஸ் நிலையத்தில் கட்ட முடியாது, தபாற்கந்தோரில் கட்ட வேண்டும். கட்டிய பற்றுச்சீட்டோடு தாள் எழுதிய பொலிஸ் பிரிவுக்குப் போய்த்தான் அனுமதிப்பத்திரத்தைத் திரும்ப வாங்க வேண்டும். 14 நாளுக்குள் கட்டாவிட்டால் தண்டம் இரட்டிப்பு. 28 நாளும் தாண்டினால் நீதவான் நீதிமன்றம். 1951 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருகிற இந்த ஏற்பாட்டில், 2018 ஜூலையில் 33 குற்றங்களுக்கான தண்டங்களை உயர்த்தினார்கள். தரிப்பிடப் பிழைக்கு ஆயிரம் ரூபா. இந்தியப் பணத்தில் ஏறத்தாழ முந்நூறு ரூபாய்.

தொகையை மட்டும் பார்த்தால் இது பெரிய தண்டம் அல்ல. ஆனால் முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஆஸ்பத்திரி அலுவலாக வந்து தண்டம் வாங்கிய ஒரு விவசாயியை நினைத்துப் பாருங்கள். தபாற்கந்தோர் அவருடைய ஊரிலேயே இருக்கிறது, அதில் பிரச்சினையில்லை. அனுமதிப்பத்திரம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. நூறு கிலோமீற்றருக்கு மேல் வந்து, அதே தூரம் திரும்ப வேண்டும். பெற்றோல் காசு, ஒரு நாள் வேலை, வழிச் சாப்பாடு எல்லாம் சேர்த்தால் அந்த ஆயிரம் ரூபா எத்தனை மடங்காகிறது? சட்டம் விதிக்கும் தண்டம் ஒன்று, நடைமுறை விதிக்கும் தண்டம் வேறொன்று. இரண்டாவதற்கு எந்த வர்த்தமானியிலும் கணக்கில்லை. ஏழைக்கு வலிப்பது இரண்டாவதுதான்.

தபாற்கந்தோரை நம்பியிருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தபால் ஊழியர் வேலைநிறுத்தம் என்றால் தண்டம் கட்டவும் வழி அடைபடும். 2020 ஊரடங்கின்போது சலுகைக் காலம் கொடுக்க வேண்டி வந்தது. 2025 இல் 'கவ்பே' (GovPay) என்ற அரச இணையக் கட்டணச் சேவை வந்து, தெருவில் நின்றபடியே கைத்தொலைபேசியில் தண்டம் கட்டும் முறையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். அந்த இடத்திலேயே காசைக் கட்டி, அந்த இடத்திலேயே அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் அதன் நோக்கம். இலங்கையின் எல்லா வீதிக்கும் அது ஒழுங்காக வந்து சேருமானால், முல்லைத்தீவு விவசாயியின் இருநூறு கிலோமீற்றர் மிச்சமாகும். அண்மைக் காலத்தில் சாதாரண சாரதிக்குச் செய்யப்பட்ட உருப்படியான உதவி என்று இதைத்தான் சொல்வேன்.

இந்தியாவில், குறிப்பாகச் சென்னையில், நடப்பது முற்றிலும் வேறு. தி.நகரில் உஸ்மான் சாலைப் பக்கம் 'நோ பார்க்கிங்' பலகையின் கீழ் பைக்கை விட்டுவிட்டுப் போனவர், திரும்பி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கும் போய்விடுவார். அவர் ஒரு காவலரையும் பார்த்திருக்க மாட்டார். பிறகு கைபேசியில் குறுஞ்செய்தி வரும்: உங்கள் வண்டிக்கு இ-சலான். காவலர் வண்டியைப் படம் எடுத்து, கையடக்கக் கருவியில் நம்பரைப் பதிந்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போயிருப்பார். அனுமதிப்பத்திரத்தை யாரும் வாங்கி வைப்பதில்லை. இணையத்தில் கட்டலாம். சென்னைப் போக்குவரத்துக் காவல் 2018 லேயே ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டது.

தொகையில் இந்தியா கடுமை. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177 ஆம் பிரிவில் முதல் தடவைக்கு 100 ரூபாய் என்றிருந்ததை 2019 திருத்தம் 500 ஆக்கியது. மறுபடியும் பிடிபட்டால் 1,500. தமிழ்நாடு மூன்று ஆண்டு தாமதித்து 2022 அக்டோபரில் இந்த உயர்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உணவுப் பொட்டலத்தை நான்காம் மாடியில் கொடுத்துவிட்டு இறங்கி வரும் பையனுக்கு 500 ரூபாய் என்பது அன்றைய உழைப்பில் பெரும் பங்கு. அவனுக்கு அலைச்சல் இல்லை, உண்மைதான். ஆனால் "இப்பத்தான் சார் விட்டேன், எடுத்துடுறேன்" என்று சொல்ல எதிரில் ஒரு ஆளும் இல்லை.

இந்த நேருக்கு நேர் பேச்சை நான் சாதாரணமாக எடுக்கவில்லை. அதற்குள் இரண்டும் இருக்கின்றன. வயதான தாயை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்தவரை மன்னித்து அனுப்புகிற பொலிஸ்காரரை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் காணலாம். தண்டப் பத்திரத்தை எடுக்காமல், கையில் மடித்துத் தரும் நோட்டுக்காகப் பேச்சை இழுக்கிறவரையும் காணலாம். படம் எடுக்கும் கருவிக்கு இரக்கமும் இல்லை, கைநீட்டலும் இல்லை. எது நல்லது என்று கேட்டால், கருவிதான் என்று நான் தயங்காமல் சொல்வேன். இரக்கம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பேசத் தெரிந்தவருக்கும், பொலிஸ்காரரின் மொழி தெரிந்தவருக்கும், நல்ல உடுப்புப் போட்டவருக்கும் அது சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது.

ஆனால் இந்தியாவில் கருவிக்கு முந்திய ஒரு பழக்கமும் உயிரோடு இருக்கிறது: வண்டியைத் தூக்கிக்கொண்டு போவது. 127 ஆவது பிரிவு, நிறுத்தத் தடையுள்ள இடத்தில் கிடக்கும் வாகனத்தை அப்புறப்படுத்த அதிகாரம் தருகிறது. காருக்குக் கொக்கி வேண்டும், பைக்குக்கு இரண்டு பையன்கள் போதும். லாரியின் பின்தட்டில் வரிசையாக அடுக்கிவிடுவார்கள். திரும்பி வந்தவருக்கு வண்டி நின்ற இடம் வெறுமையாகத் தெரியும். திருட்டா, தூக்கினார்களா என்று புரியாமல் அக்கம்பக்கத்துக் கடையில் விசாரிப்பார். "டிராஃபிக்காரங்க தூக்கிட்டுப் போய்ட்டாங்கண்ணே, ஸ்டேஷன்ல போய்க் கேளுங்க" என்று யாராவது சொன்ன பிறகுதான் மூச்சு வரும். உடைந்த கண்ணாடி, வளைந்த பிரேக் கம்பி ஆகியவற்றுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. பெங்களூரில் தூக்கும் ஆட்களின் அடாவடிக்கு எதிராகப் பெரும் கண்டனம் எழுந்து, 2022 பிப்ரவரியில் கர்நாடக அரசு அந்த வேலையை நிறுத்தி வைத்தது. சலான் அனுப்ப வசதி வந்தபின், வீதியை உண்மையில் அடைத்து நிற்கும் வண்டியைத் தவிர மற்றதைத் தூக்குவதற்கு நியாயமே இல்லை.

ஆளா வண்டியா என்ற வேறுபாடு கூர்மையாகத் தெரிவது பழைய மோட்டார் சைக்கிள் கைமாறும்போது. இலங்கையில் 'ஓப்பின் பேப்பர்' வண்டிகள் ஏராளம். விற்றவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்; வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓடுவார்; அவர் இன்னொருவருக்கு விற்பார். தண்டம் ஓட்டியவரின் அனுமதிப்பத்திரத்தோடு நிற்கும் வரை இது யாரையும் உறுத்தவில்லை. 2024 ஜனவரியில் கொழும்பில் சிசிரிவி கமராக்களைப் பார்த்துத் தண்டப் பத்திரத்தைப் பதிவு உரிமையாளரின் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியபோது நிலைமை மாறியது. வண்டியை என்றோ விற்றவர் வீட்டுக் கதவையும் பொலிஸ் தட்ட நேர்ந்தது. இந்தியாவில் இந்தச் சிக்கல் முன்பே வந்துவிட்டது. விற்ற 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பலர் விட்டுவிடுகிறார்கள். சலான் பழைய உரிமையாளரின் கைபேசிக்குப் போய்க்கொண்டேயிருக்கும். கட்டாத சலான் இருந்தால் பெயர் மாற்றமும் நடக்காது. ஆகவே பழைய பைக் வாங்குகிறவர்கள் என்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் நம்பரைப் போட்டுச் சலான் பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இலங்கையரும் இனி இதைப் பழகத்தான் வேண்டும்.

இவ்வளவும் தண்டம் எழுதிய பிறகு நடப்பவை. எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: வண்டியை விட இடம் எங்கே? இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். தமிழ்நாட்டில் ஐந்தில் நான்குக்கும் மேல் இருசக்கர வண்டி. அப்படியிருந்தும் நகரத் தெருவில் கோடு போடுகிறவர்கள் காரை மனதில் வைத்தே போடுகிறார்கள். சென்னையில் தியாகராய சாலையை 2019 இல் நடப்பவர்களுக்காக விரித்து, பின்னர் பக்கத்திலேயே பலமாடி வாகன நிறுத்தத்தில் இருசக்கர வண்டிக்கும் இடம் கொடுத்தார்கள். அங்கே இடம் இருக்கும்போது நடைபாதையில் ஏற்றி விடுகிறவருக்கு 500 ரூபாய் அபராதம் போட்டால் நான் அவருக்காகப் பரிந்து பேச மாட்டேன். பேருந்து நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் ஒட்டிய டூவீலர் ஸ்டாண்டுகள் தமிழ்நாட்டின் பழைய, உருப்படியான ஏற்பாடு; காலையில் விட்டு மாலையில் எடுக்கும் லட்சக்கணக்கானவர்கள் அவற்றை நம்பித்தான் வேலைக்குப் போகிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த விடயத்தில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வண்டி விடுவதில்லை. ஆனால் அந்தத் தடையோடு சேர்ந்து, சுற்றுவட்டார வளவுகளிலும் வீட்டு முற்றங்களிலும் வாகனப் பாதுகாப்பு நிலையங்கள் முளைக்கின்றன. துண்டு வாங்கி, சைக்கிளையோ மோட்டார் சைக்கிளையோ விட்டுவிட்டு, கால் கழுவிக் கோயிலுக்குப் போகலாம். கட்டணத்தை மாநகர சபை வரையறுக்கிறது. அவ்வளவு சனத்துக்கும் இடம் கிடைக்கிறது, வீட்டுக்காரருக்கும் நாலு காசு சேர்கிறது. திருவிழா முடிந்த மறுவாரம் பெரிய கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். மோட்டார் சைக்கிளை விட இடம் தேடி ஆட்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். திருவிழாவுக்கு முடிந்தது மற்ற நாளில் ஏன் முடியாமல் போகிறது? ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பக்கத்திலுள்ள வெறும் வளவுகளை ஆண்டு முழுவதும் அப்படித் திறக்க வைத்துவிட்டுத் தண்டப் பத்திரத்தை எடுத்தால், அதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.

நடக்கிறவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நடைபாதையிலும் பாதசாரிக் கடவையிலும் பேருந்து நிறுத்தத்திலும் வண்டி நிறுத்தக் கூடாது என்று இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குவிதிகள் தெளிவாகச் சொல்கின்றன. மோட்டார் சைக்கிள் சிறியது, எங்கேயும் செருகலாம் என்பதால்தான் அது நடைபாதைக்கு ஏறுகிறது. வெள்ளைக் கோலோடு வருகிறவர் அதன் கைபிடியில் மோதுகிறார். சக்கர நாற்காலியில் வருகிறவர் வீதிக்கு இறங்கி பஸ்ஸோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. இரு நாட்டிலும் காரை மறித்து நிற்கும் பைக் சீக்கிரம் தண்டம் வாங்குகிறது, மனிதரை மறித்து நிற்கும் பைக் தப்பிவிடுகிறது. இந்த முன்னுரிமையைத் தலைகீழாக்க வேண்டும்.

மொழியையும் சொல்லாமல் விட முடியாது. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று இலங்கை அரசியலமைப்பு சொல்கிறது. ஆனாலும் பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன குற்றம் எழுதியிருக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் வாசிக்கக் கொடுப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் சலான் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. பழக் கடைக்காரர் மகனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறார். தண்டத்தை மறுக்கும் உரிமை இரு நாட்டிலும் இருக்கிறது: இலங்கையில் கட்டாமல் நீதவான் முன் போகலாம், இந்தியாவில் இணையத்தில் முறையிடலாம். என்ன குற்றம் என்று தானே வாசிக்க முடியாதவர் எதை மறுப்பார்? அவர் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

பாக்கு நீரிணையைக் கடந்து போய்வருபவர்களுக்கு இந்த வேறுபாடு நேரடியான காரியம். சென்னையில் மச்சானின் ஸ்கூட்டியை இரவல் வாங்கி ஓடும் யாழ்ப்பாணத்தார், தான் ஊர் திரும்பிய பிறகும் சலான் மச்சானின் பெயரில் வரக்கூடும் என்று தெரிந்திருக்க வேண்டும். புறப்படுமுன் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்து, இருந்தால் கட்டிவிட்டு வருவதே மரியாதை. நல்லூருக்கு வந்து மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கும் தமிழ்நாட்டு அன்பர் வேறுவிதமாகக் கவனமாயிருக்க வேண்டும். அவருக்கு இலங்கையில் ஓட்ட அங்கீகரித்த அனுமதி தேவை, அதைப் பொலிஸ்காரர் கேட்பார். தண்டம் விழுந்து, மறுநாள் விமானம் என்றால், கைத்தொலைபேசியில் கட்ட வழியில்லாத இடத்தில் அன்றைக்கே தபாற்கந்தோர் மூடுமுன் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.