டயகமச் சிறுமியும் நாம் படிக்காத வரலாறும்

2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் தான் வேலை செய்த வீட்டில் தீக்காயமுற்று வைத்தியசாலையில் இறந்துபோனாள். அது ஒரு முஸ்லிம் அரசியல்வாதியின் வீடு. அங்கே நடந்தது என்னவென்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. நான் கேட்க வருவது, அந்த நாட்களில் நாம் என்ன பேசினோம் என்பதை.

சிலர் அந்த மரணத்தை முழுச் சமூகத்தின் தலையிலும் சுமத்தினார்கள். அது அநியாயம். ஆனால் எங்கட பக்கத்திலும் "இதெல்லாம் அரசியல் சதி", "எல்லா வீட்டிலயும்தானே வேலைக்குப் புள்ளைகள் இருக்குது" என்ற பேச்சுத்தான் ஓங்கி ஒலித்தது. இரண்டு பேச்சிலும் அந்தப் பிள்ளை இல்லை. டயகமவிலிருந்து ஒரு சிறுமி ஏன் கொழும்பு அடுப்படிக்கு வர வேண்டும் என்று இரு தரப்பும் கேட்கவில்லை.

அதற்கு 2021இல் மட்டும் விடை தேடினால் கிடைக்காது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் வென்றவர் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள், வாக்கும் பறிபோனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 150,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்போமென்று விட்டது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003இன் சட்டத்தில்தான் வழி பிறந்தது. வாக்கில்லாத சனத்துக்கு யார் ரோட்டுப் போடுவார், யார் பள்ளிக்கூடம் கட்டுவார்? 1000 ரூபா நாட்சம்பளமும் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. இத்தனையும் சேர்ந்துதான் லயத்துப் பிள்ளையைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றுகிறது.

இந்தக் கதையில் நாம் வெளியாட்களுமல்ல. 1949இல் வந்தது 'இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்' பிரஜாவுரிமைச் சட்டம். கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களும் அதன் கீழ்தான் விண்ணப்பித்து நின்றார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸின் தலைவராக இருந்து, பின்பு ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்த அப்துல் அஸீஸ் ஒரு முஸ்லிம். எங்கட மேடைகளில் அவர் பேரை எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்?

வரலாற்றுக்கு வெளிப்புறமும் உட்புறமும் உண்டு என்பார் இப்னு கல்தூன். வெளியே இருப்பது செய்தி, உள்ளே இருப்பது காரணம். நாம் செய்தியோடு நின்றுவிட்டோம்.

காரணத்தைப் பேசினால் குற்றம் கரைந்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். கரையாது. ஒரு வீட்டின் பொறுப்பு அந்த வீட்டுக்குத்தான். ஆனால் வயது பாராமல் தோட்டத்துப் பிள்ளையை வேலைக்கு வைத்த மற்ற வீடுகளின் பொறுப்பை வரலாறுதான் காட்டித்தரும். அவை எல்லாச் சமூகத்திலும் இருந்தன, எங்களிடமும் இருந்தன.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எங்கட மக்களின் வரலாற்றை மற்றவர்கள் படிக்க வேண்டுமென்று கேட்கிறோம். நியாயமான கேள்வி. அதே நியாயத்தோடு டயகமவின் வரலாற்றை நாமும் படிக்க வேண்டாமா?