வரைகலைப் புதினங்களை மதிப்பிடும் அளவுகோல்: இந்தியப் படைப்புகள் நான்கினை முன்வைத்து

முன்னுரை

செய்யுளின் வனப்புகள் எட்டனுள் ஒன்றாக 'விருந்து' என்பதனைத் தொல்காப்பியர் குறிப்பிடுகின்றார். புதுவதாகப் புனையப்படும் யாப்பிற்கு அவர் இட்ட பெயர் அது. புதியதை ஐயத்தோடு நோக்காமல் வீட்டிற்கு வந்த விருந்தாகக் கருதிய மரபு தமிழ் மரபு. எனினும், வந்தவர் விருந்தினர் என்பதனாலேயே அவர் கூறுவன அனைத்தையும் ஏற்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வரவேற்பு வேறு, மதிப்பீடு வேறு. இந்திய வரைகலைப் புதினங்கள் குறித்த எழுத்துகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே கலந்து காணப்படுகின்றன. ஒரு படைப்பு சாதிக்கொடுமையைப் பேசுகின்றது, அணையால் இடம்பெயர்ந்த மக்களைப் பேசுகின்றது, காசுமீரத்துச் சிறுவனின் வாழ்வைப் பேசுகின்றது என்று சொன்ன அளவிலேயே மதிப்புரைகள் நிறைவுபெற்றுவிடுகின்றன. பேசும் பொருளின் பெருமை, பேசிய முறையின் பெருமையாக மாறிவிடுமா என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. நான்கு படைப்புகளை முன்வைத்து அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் வகைமையும்

1879-ஆம் ஆண்டு 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தபோது, மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் படைப்பினை வசன காவியம் என்னும் வழக்கினுள் அடக்கியே அறிமுகம் செய்தார். புதிய வடிவத்திற்குப் பழைய பெயரின் துணை அப்போது தேவைப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, படக்கதை என்னும் இளக்காரப் பெயரிலிருந்து விடுபட விரும்பிய ஓவியர்கள் 'நாவல்' என்னும் மதிப்புமிக்க பெயரை நாடினர். அமெரிக்க ஓவியர் வில் ஐஸ்னரின் 'எ கான்ட்ராக்ட் வித் காட்' 1978-இல் வெளியான பின்னர் 'கிராஃபிக் நாவல்' என்னும் தொடர் பரவலாயிற்று.

இப்பெயர் ஒரு சிக்கலையும் உடன் கொணர்ந்தது. இவ்வகைமையின் சிகரங்களாகக் கருதப்படும் ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்', மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' ஆகிய இரண்டும் புனைவுகள் அல்ல. முன்னது தந்தையின் வாய்மொழி வரலாறு, பின்னது தன்வரலாறு. எனவே 'புதினம்' என்னும் சொல் இங்குக் கற்பனையைக் குறிக்கவில்லை. நீளத்தையும் தீவிரத்தையும் மட்டுமே குறிக்கின்றது. பாத்திரப் படைப்பு, கதைப்பின்னல் முதலான புதினத் திறனாய்வுக் கருவிகளை அப்படியே இதன்மீது பொருத்துவது இக்காரணத்தால் பொருந்தாது.

தமிழ் வாசகர்க்குப் படவரிசையில் கதை படிக்கும் பழக்கம் புதியதன்று. 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-இல் தோன்றிய லயன் காமிக்ஸும் இரண்டு தலைமுறை வாசகர்களை உருவாக்கின. இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த அவ்வாசகர்கள், கட்டங்களுக்கிடையே விடுபட்டதைத் தாமே நிரப்பிக்கொள்ளக் கற்றவர்கள். அப்பயிற்சியைத் திறனாய்வுலகம் ஒருபோதும் வாசிப்பாக ஏற்றுக்கொண்டதில்லை என்பதும் உண்மையே.

மூன்று அளவுகோல்கள்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில், திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காண வந்தோர் இன்னார் இன்னாரென ஒருவர்க்கொருவர் சுட்டிக் காட்டும் காட்சி இடம்பெறுகின்றது. இந்திரன் இவன், அகலிகை இவள், சினங்கொண்ட கௌதமன் இவன் என்று ஓவியம் சொல்லால் விளக்கப்படுகின்றது. அங்குச் சொல் ஓவியத்திற்கு வெளியே, காண்போர் வாயில் நிற்கின்றது. வரைகலைப் புதினத்திலோ சொல் ஓவியத்திற்குள்ளேயே புகுந்துவிடுகின்றது. இவ்வேறுபாட்டிலிருந்து மூன்று வினாக்களை வகுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: படத்தை நீக்கினால் படைப்பு எதனை இழக்கின்றது? சொல் முன்பே கூறிவிட்டதைப் படம் வழிமொழிகின்றதெனில், அது படவிளக்கம் பெற்ற உரைநடையே. இரண்டு: ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடைப்பட்ட வெளியில் வாசகன் செய்வதற்கு ஏதேனும் எஞ்சுகின்றதா? மூன்று: எதிர்த்தரப்புக்கும் உரிய கனத்தைப் படைப்பு வழங்குகின்றதா, அன்றி ஏற்கெனவே உடன்பட்ட வாசகனை மட்டுமே மகிழ்விக்கின்றதா?

ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்

சார்நாத் பானர்ஜியின் 'காரிடார்' (2004) இந்தியாவின் முதல் வரைகலைப் புதினம் எனப் பலகாலும் குறிக்கப்படுவதுண்டு. ஆயின், நருமதை அணைப் போராட்டத்தைக் களமாகக் கொண்ட ஒரிஜித் சென்னின் 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1994-இல் வெளிவந்துவிட்டது. நெடுங்காலம் கிடைத்தற்கரிதாக இருந்த இந்நூலினைச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2022-இல் மீண்டும் வெளியிட்டது.

உலகத் தோற்றத்தைப் பாடும் பாணன் மல்கு காயன் ஒருபுறம், அணை குறித்துச் செய்தி திரட்டும் இதழாளன் விஷ்ணு மறுபுறம் என இரு இழைகள் இதில் ஓடுகின்றன. பாடலின் காலமும் செய்தியின் காலமும் வெவ்வேறானவை என்பதனைச் சொல்லால் கூறாமல் கோட்டின் இயல்பாலேயே உணர்த்துவது இந்நூலின் முதன்மையான சாதனை. இரண்டும் அருகருகே வைக்கப்படும்போது, நீரில் மூழ்கவிருப்பவை நிலமும் வீடும் மட்டுமல்ல, ஒரு தோற்றக்கதையும்தான் என்பதை வாசகன் தானே கண்டுகொள்கின்றான். முதலிரு அளவுகோல்களிலும் இந்நூல் தேறுகின்றது.

மூன்றாவதில் தேறவில்லை. அணையை ஆதரிக்கும் தரப்பினர் பெரும்பாலும் வகைமாதிரிகளாகவே நின்றுவிடுகின்றனர். குடிநீரும் பாசனமும் வேண்டி நின்ற வறண்ட நிலத்து உழவனின் குரல் வலுவோடு எழுந்திருப்பின், பழங்குடியினரின் இழப்பு மேலும் கூர்மை பெற்றிருக்கும். 2017-இல் சர்தார் சரோவர் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்ட நிலையில், இந்நூல் போராட்டத் துண்டறிக்கையாக அன்றி இலக்கியமாகவே இனி வாழ வேண்டும். அதன் பாணன் வாழ்வான். அதன் அதிகாரிகள் வாழ்வார்களா என்பது ஐயமே.

பீமாயணம்

அம்பேத்கரின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்னும் தன்வரலாற்றுக் குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டது 'பீமாயணம்' (நவயானா, 2011). ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, பர்தான் கோண்டு ஓவியர்களாகிய துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த இந்நூல் தமிழிலும் வெளிவந்துள்ளது. நீர், உறைவிடம், பயணம் என்னும் மூன்று மறுப்புகளைச் சுற்றி இது அமைந்துள்ளது.

மாந்தரைக் கட்டங்களுக்குள் அடைக்க ஓவியர்கள் உடன்படவில்லை. தம் மரபின் சுவர்க்கோலமாகிய 'திக்னா' வடிவத்தால் அவர்கள் பக்கத்தைப் பகுத்தனர். தீண்டாமை என்பது மனிதரை எல்லைக்குள் அடைக்கும் முறை. அதனைச் சொல்லும் நூலில் எவரும் அடைக்கப்படவில்லை. வடிவமே வாதமாகும் இடம் இது. தொடர்வண்டி பாம்பாகின்றது, நீர் மறுக்கப்பட்ட உலகில் உயிரற்ற பொருள்களும் விலங்குருக் கொள்கின்றன. படத்தை நீக்கின் இந்நூல் இல்லை.

எனினும், பெரிதும் பாராட்டப்பட்ட ஓர் உத்தி மறுஆய்வுக்குரியது. மென்மையான பேச்சு பறவை வடிவக் குமிழிலும், சாதிநஞ்சு கலந்த பேச்சு தேள் கொடுக்குடைய குமிழிலும் இடம்பெறுகின்றன. அம்பேத்கரின் மூலத்தில் இத்தகைய அடையாளம் ஏதும் இல்லை. 1901-இல் தந்தையைக் காணப் புறப்பட்ட சிறுவர்களைச் சாதி அறிந்ததும் வண்டிக்காரன் ஏற்ற மறுத்ததையும், இருமடங்கு கூலி பெற்றுக்கொண்டு அவர்களையே வண்டியோட்டச் செய்ததையும், உணவிருந்தும் நீரின்றி இரவைக் கழிக்க நேர்ந்ததையும் அவர் குரல் உயர்த்தாமல் கூறுகின்றார். நஞ்சு எங்குள்ளது என்பதைக் கண்டறியும் பொறுப்பை அவ்வுரைநடை வாசகனிடம் விட்டுவிடுகின்றது. தேள் கொடுக்கு அப்பொறுப்பினைப் பறித்துக்கொள்கின்றது. சொல்லைப் படிக்கும் முன்னரே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகின்றது. இனிமையாகப் பேசியவாறே விலக்கும் சாதியை இக்குமிழ் முறை எவ்வாறு காட்டும்? அன்றாட வாழ்வில் மிகுதியும் காணப்படுவது அவ்வினிய விலக்கே அன்றோ?

இட ஒதுக்கீடு குறித்துப் பேருந்து நிறுத்தத்தில் நிகழும் உரையாடலாகிய சட்டகக் கதையும் நூலின் பிற பகுதிகளுக்கு ஈடாக நிற்கவில்லை. அங்குப் பாத்திரங்கள் இல்லை. வினாவும் விடையுமே உள்ளன. வியாம் இணையரின் ஓவியம் வாசகனை நம்புகின்றது. சட்டகத்தின் உரை அவனை நம்பவில்லை. ஆயினும் இந்திய வரைகலைப் படைப்புகளுள் வடிவத்தால் தனித்து நிற்பது இதுவே என்பதில் ஐயமில்லை.

கரி

அம்ருதா பாட்டீலின் 'கரி' (2008) இந்நால்வகையுள் முழுமையும் புனைவாக அமைந்தது. காதலர்களாகிய கரி, ரூத் என்னும் இரு பெண்கள் கட்டடங்களிலிருந்து குதிப்பதோடு கதை தொடங்குகின்றது. ரூத் வலையால் காக்கப்பட்டு நகரை விட்டு நீங்குகின்றாள். கழிவுநீர்க் கால்வாயில் விழுந்து உயிர்தப்பிய கரி, இரவுகளில் அக்கால்வாயில் படகோட்டுபவளாகத் தன்னைக் காண்கின்றாள். விளம்பர நிறுவனப் பணி, நெரிசலான பகிர்வு வீடு, நோயால் இறந்துகொண்டிருக்கும் ஏஞ்சல் என்னும் பெண்ணின் நட்பு எனக் கதை விரிகின்றது.

முதல் அளவுகோலின்படி இந்நூல் சீரற்றது. பல பக்கங்களில் கரியின் உரைநடையே கதையைச் சுமக்கின்றது. படம் அதற்குப் பின்னே நடந்து வருகின்றது. அவ்வுரைநடை கூர்மையும் நகையுணர்வும் வாய்ந்தது என்பதால் வாசகன் இக்குறையை உடனே உணர்வதில்லை. எனினும், கருப்பு வெள்ளையின் நடுவே அருகி வரும் வண்ணப் பக்கங்கள் சொல் செய்ய இயலாததைச் செய்கின்றன. மூன்றாம் அளவுகோலில் இந்நூல் ஏனைய மூன்றையும் விஞ்சுகின்றது. ஒருபால் காதலைப் பேசினும் அது வழக்காடவில்லை. கரியை எடுத்துக்காட்டாகவோ பலியாகவோ நிறுத்தவில்லை. அவள் ஒரு பாத்திரம். பொருளின் முதன்மையைக் கொண்டு இந்நூலைப் பாராட்டுவோர் இச்சிறப்பினைத் தவறவிட்டுவிடுகின்றனர்.

முன்னு

மாலிக் சஜாத்தின் 'முன்னு' (2015) சிறுவயதிலேயே நாளிதழ்க் கேலிச்சித்திரக்காரனான காசுமீரத்து இளைஞனின் கதை. காசுமீரத்தார் அருகிவரும் ஹங்குல் மான்களாகவும், ஏனையோர் மனிதர்களாகவும் வரையப்பட்டுள்ளனர். கருப்பொருளின் வழியே கூறாததை உணர்த்தும் உள்ளுறை உவமத்தில் பழகிய தமிழ் வாசகர்க்கு இம்முறை அயலானதன்று. ஆயின் உள்ளுறையின் வலிமை, உவமிக்கப்படும் பொருள் வெளிப்படாது நிற்பதில் உள்ளது.

'மௌஸ்' படைப்பில் யூதர்கள் எலிகள், செருமானியர் பூனைகள். போலந்துக்காரராக நடிக்க வேண்டிய நிலையில் எலி பன்றி முகமூடி அணிகின்றது. பின்னொரு பகுதியில் ஓவியரே எலி முகமூடியைக் கட்டிக்கொண்ட மனிதராக அமர்ந்திருக்கின்றார். தன் குறியீட்டைத் தானே ஐயுறும் துணிவு அது. 'முன்னு'வில் அத்தகைய ஐயம் அரிது. மான் தொடக்கத்தில் உணர்த்தியதையே இறுதிவரை உணர்த்துகின்றது. மரச்செதுக்கு அச்சினை நினைவூட்டும் கனத்த கருமையும், வீட்டிற்குள் நிகழும் சிறு நிகழ்ச்சிகளும் அமைந்த முற்பகுதி உயர்ந்த கலை. காசுமீர வரலாறு தொகுத்துரைக்கப்படும் பிற்பகுதியில் சிறுவனின் கண் மறைந்து ஆசிரியரின் விளக்கம் மேலோங்குகின்றது. அயல்நாட்டு வாசகர்க்கு அவ்விளக்கம் தேவைப்பட்டிருக்கலாம், படைப்பிற்குத் தேவைப்படவில்லை.

உரைநடைப் புதினத்தோடு ஒப்பீடு

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) சாதியப் படிநிலையின் அடித்தட்டில் வாழும் ஆரோக்கியத்தின் வாழ்வைக் கூறுகின்றது. அப்புதினத்தின் உயிர் அவளது பேச்சில் உள்ளது. முறையீடு, புலம்பல், வேண்டுதல், வசை என நீளும் அக்குரலின் வழியே, தன்னை ஒடுக்கும் ஊரையே தன் ஊராகக் கருதும் ஒரு மனம் வெளிப்படுகின்றது. இம்முரணைக் குமிழுக்குள் அடக்குதல் அரிது. பறவைக் குமிழா, தேள் குமிழா என அதனைப் பிரித்தலும் இயலாது. மறுபுறம், கட்டங்களை மறுத்ததன் வழியே 'பீமாயணம்' எழுப்பும் வாதத்தை எந்த உரைநடையும் எழுப்ப இயலாது. ஆகவே ஒரு வடிவம் மற்றொன்றின் எளிய பதிப்பு என்னும் கருத்து பொருந்தாது. படிக்கத் தயங்குவோரைப் புதினத்திடம் அழைத்துவரும் படிக்கட்டாக வரைகலைப் புதினத்தைக் கருதுவது இரண்டிற்குமே இழுக்காகும்.

முடிவுரை

நான்கு நூல்களும் மூன்று அளவுகோல்களில் வெவ்வேறு இடங்களில் தேறியும் வெவ்வேறு இடங்களில் தவறியும் நிற்கின்றன. தவறும் இடங்களில் ஒரு பொதுமை புலப்படுகின்றது. தன் பொருளின் நேர்மையில் படைப்பு கொண்ட நம்பிக்கை மிகுந்து, வாசகன்மீது கொண்ட நம்பிக்கை குறையும் இடங்களே அவை. பேருந்து நிறுத்த உரையாடல், தேள் கொடுக்கு, வரலாற்றுத் தொகுப்பு, வகைமாதிரி அதிகாரி ஆகிய அனைத்தும் இதன் வெளிப்பாடுகள். வாசகன் தவறாகப் புரிந்துகொள்வானோ என்னும் அச்சம் அவற்றின் பின்னே நிற்கின்றது.

இக்குறைகளைச் சுட்டுவது ஒடுக்கப்பட்டோர் குரலுக்கு எதிராக நிற்பதாகும் என்னும் தயக்கம் கல்விப்புலத்தில் உண்டு. அத்தயக்கமே அக்குரலுக்குச் செய்யும் அவமதிப்பு எனலாம். பொருளுக்காக மட்டும் பாராட்டப்படும் நூல் ஆவணமாகப் பேணப்படும். கலையாக மீண்டும் படிக்கப்படாது. கோண்டு ஓவியரின் கோட்டையும் காசுமீரத்துச் சிறுவனின் கண்ணையும் கம்பனின் சொல்லை மதிப்பிடும் அதே கண்டிப்போடு மதிப்பிடுவதே அவர்களைக் கலைஞர்களாக ஏற்பதாகும். விருந்தினரோடு உண்மை பேசத் தயங்காத வீட்டில்தான் விருந்தும் நெடுநாள் தங்கும்.