பலூனின் கீழ்

டொனால்ட் பார்தெல்மியின் 'பலூன்' கதையைக் கடைசிப் பத்தியிலிருந்து பின்னோக்கி வாசிப்பது வழக்கமாகிவிட்டது. 1966ல் நியூயார்க்கர் பத்திரிகையில் வெளியாகி, 1968ல் தொகுப்பில் சேர்ந்த சிறிய கதை. நகரத்தின் மேல் விரிந்த ராட்சத பலூன், தன்னைப் பிரிந்துபோன ஒருவருக்காகக் கதைசொல்லி உணர்ந்த தனிமை என்று முடிவில் தெரியவருகிறது. பிரிந்தவர் திரும்புகிறார், பலூனிலிருந்து காற்று இறங்குகிறது. பலூன் தனிமையின் குறியீடு, கணக்குச் சரி. இந்த வாசிப்பில் பிழை இல்லை. கதையும் இல்லை.

குறியீட்டுக்கு விடை கண்டுபிடித்ததும் கதையை மூடிவைப்பவன், அந்த விடைக்கு முன்னால் பரந்து கிடக்கும் பக்கங்களை வெறும் காத்திருப்பாக்கிவிடுகிறான். கதையின் உயிர் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. மன்ஹாட்டனின் பதினான்காம் தெருவில், எங்கே என்று சொல்லப்படாத ஒரு புள்ளியில் தொடங்கி, ஜனங்கள் உறங்கும் இரவு முழுக்க வடக்கே வளர்ந்து பூங்காவை எட்டுகிறது பலூன். 45 தெருக்கட்டங்களின் நீளம். பெரும்பாலும் சாம்பலும் பழுப்புமான கனத்த நிறங்கள். ஒரு விளம்பர வாசகத்தை அதன்மேல் தீட்டியிருந்தால் ஜனங்கள் எளிதாக ஏற்றுக்கொண்டிருப்பார்கள். தனக்கு அதற்கு மனம் வரவில்லை என்கிறான் கதைசொல்லி. நோக்கம் அறிவிக்கப்படாத ஒரு பொருள் நகரத்தின் தலைக்கு மேல் நிற்கிறது.

முதலில் அதற்கு அர்த்தம் என்ன என்ற விவாதம். பிறகு விவாதம் தானாகவே ஓய்ந்துவிடுகிறது. குழந்தைகள் மேலே ஏறிக் குதிக்கிறார்கள். பலர் அதன் அடிப்புறத்தில் பச்சையும் நீலமுமாகக் காகித விளக்குகளைத் தொங்கவிடுகிறார்கள். சிலர் செய்திகளை எழுதுகிறார்கள். அதிகாரிகள் இரவில் ரகசியமாகப் பரிசோதனை செய்துபார்த்துவிட்டு, ஜனங்கள் அதன்மேல் வைத்துவிட்ட பிரியத்தைக் கண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பலூன் எந்தத் தெருவில் தாழ்ந்து நடைபாதையைத் தொடுகிறதோ அதை அடையாளம் சொல்லி மனிதர்கள் சந்தித்துக்கொள்கிறார்கள். கட்டம் போட்ட தெருக்களில், தனக்கென்று வகுக்கப்பட்ட கோட்டில் நடந்து பழகியவனுக்குத் தன்னைச் சற்று இடம் மாற்றித் தொலைத்துக்கொள்ள அது வாய்ப்பளிக்கிறது.

இந்தக் கதையின் தோழமை இதுதான். அது காதலர்களின் கூடலில் இல்லை. முன்பின் அறியாதவர்கள் ஒரே கூரையின் கீழ் வந்து நிற்பதில் இருக்கிறது. அதைச் சாத்தியமாக்கியது ஒருவனுடைய தனிமை. ஆனால் தன் பெயரைச் சொல்லாத தனிமை. 'நான் தனியாக இருக்கிறேன்' என்று அவன் பலூனில் எழுதியிருந்தால் அதுவும் இன்னொரு விளம்பரமாகியிருக்கும். ஜனங்கள் அண்ணாந்து படித்து, இரக்கப்பட்டு, வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அது மௌனமாக இருந்ததால்தான் அதற்குள் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது.

நம் அகப்பாடல்களில் ஒருத்தியின் காதலை ஊர் அலர் தூற்றும். அது காரணம் தெரிந்த பேச்சு. அவளை மேலும் தனிமைப்படுத்துகிற பேச்சு. பார்தெல்மியின் ஊர் காரணம் தெரியாமல் பேசுகிறது. அதனாலேயே அந்தப் பேச்சில் கொடுமை இல்லை. தெரிந்துகொள்வதைவிடத் தெரியாமலிருப்பது மனிதர்களை நெருக்கமாக்கும் என்ற சங்கடமான உண்மையை இக்கதை பரிசீலிக்கிறது.

அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. அந்த 22 நாட்களில் பலூனுக்குக் கீழே உறவு கொள்ளாதவன் கதைசொல்லி ஒருவனே. எல்லோருடைய அபிப்பிராயங்களையும் பதிவு செய்கிறான். தான் குதிப்பதில்லை, விளக்கு மாட்டுவதில்லை. ஊருக்குக் கூரை போட்டவன் கூரைக்கு வெளியே நிற்கிறான். பிறகு நார்வேயிலிருந்து 'நீ' வருகிறது. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லப்படாத 'நீ'. பலூன் உன்னுடையதா என்ற கேள்விக்கு ஆமென்கிறான். விளக்கமும் தருகிறான்: பிரிவின் பதற்றம், உடலின் ஏக்கம். சொல்லும் மொழியோ அலுவலகக் குறிப்பின் மொழி. இந்த வறட்சியை ஆசிரியரின் கேலி என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 45 தெருக்கட்டங்களுக்கு விரிந்த ஒன்றை ஒரு வாக்கியத்துக்குள் அடைக்க நேரும்போது வாக்கியம் அப்படித்தான் மரத்துப்போகும்.

விளக்கம் சொல்லி முடிந்ததும் பலூனுக்கு வேலை இல்லை. லாரிகள் வந்து துணியை ஏற்றிச் செல்கின்றன. மேற்கு வர்ஜீனியாவில் அது சேமித்து வைக்கப்படுகிறது, இன்னொரு துக்க காலத்துக்காக, ஒருவேளை இருவரும் கோபித்துக்கொள்ளும் நாளுக்காக. பின்நவீனத்துவம் வெறும் விளையாட்டு, அதற்கு ரத்தமில்லை என்பவர்கள் இந்தக் கிடங்கின் முன் சற்று நிற்கட்டும். கூடல் தனிமையைத் தீர்க்கவில்லை, மடித்து வைக்கிறது.

பார்தெல்மி கட்டிடக் கலைஞரின் மகன். ஹூஸ்டனில் சமகாலக் கலைக்கான அருங்காட்சியகம் ஒன்றை நடத்திவிட்டு 1962ல் நியூயார்க்குக்கு வந்தவர். புரியாத கலைப்பொருளின் முன் ஒரு கூட்டம் என்ன செய்யும் என்பதை அருகிலிருந்து பார்த்தவர். ஆகவே 'பலூன்' கலையைப் பற்றிய கதை என்று சொல்வதிலும் நியாயமுண்டு. ஆனால் அப்படிச் சொல்பவர்களும் கடைசிப் பத்தியைக் கர்த்தாவின் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். நகரத்தார் சொன்ன பல அபிப்பிராயங்களுக்குப் பிறகு வரும் இன்னோர் அபிப்பிராயம் அது. செய்தவனுடையது என்பதால் அதற்குப் பலூனை இறக்கும் அதிகாரம் இருக்கிறது. பலூனுக்கு என்ன அர்த்தம் என்று முடிக்கும் அதிகாரம் இல்லை.

இதனால்தான் குறியீட்டு வேட்டையைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது. 'இது இதைக் குறிக்கிறது' என்று அறிவிக்கிற விமர்சனம், லாரியுடன் வந்து நிற்கிறது. படைப்பினடியில் கூடியிருந்தவர்களை அது கணக்கில் எடுப்பதில்லை. கதையிலும் அவர்களை யாரும் கேட்கவில்லை. இருவர் சேர்ந்ததற்காக ஒரு நகரத்தின் கூரை ஒரு நாளில் கழற்றப்பட்டது. பச்சை விளக்கையும் நீல விளக்கையும் தொங்கவிட்டவர்கள் 23ஆம் நாள் காலையில் மேலே பார்த்து என்ன நினைத்தார்கள் என்பது பற்றிக் கதையில் ஒரு சொல் கிடையாது. கதைசொல்லியின் தனிமைக்குப் பெயரும் காரணமும் கிடைத்துவிட்டன. அவர்களுடையதற்கு இரண்டும் இல்லை.