பத்தாவது வெண்பா

பட்டினத்தார் தம் தாயாரைத் தகனம் செய்தபோது பாடியவை என்று பத்து வெண்பாக்கள் வழங்குகின்றன. நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலும் தீ மூட்டும் பாட்டோடு கதை முடிந்துவிடும். பச்சை வாழைமட்டையைச் சிதையாக அடுக்கி, பாட்டாலேயே அதைப் பற்ற வைத்தார் என்பார் பிரசங்கி. சபை கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அந்த அற்புதத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுப் பாட்டைப் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

பாடல்களின் வரிசை ஏறத்தாழச் சடங்கின் வரிசைதான். சுமந்து பெற்றுப் பாலூட்டி வளர்த்ததை நினைப்பது முதலில். பிறகு வாய்க்கரிசி, கொள்ளி. அதற்கும் பிறகு, தம்மை வளர்த்த கை சாம்பலாவதைப் பார்த்து நிற்கிறார். எல்லாம் துறந்தவருக்கு இவ்வளவு அழுகை தகுமா என்று சிலர் கேட்பதுண்டு. செல்வத்தைத் துறந்தவர்தாம், மகன் என்ற உறவு மிச்சமிருந்தது. அது ஒரே மூச்சில் போகிற பொருளல்ல.

ஒன்பதாவது வெண்பாவில் அண்ணாமலையானிடம் கேட்கிறார்: அவள் உன் பாதத்துக்கு வந்துவிட்டாளா, என்னை மறந்துவிட்டாளா என்று. கல்லூரியில் படித்தபோது இதை வெறும் புலம்பலாகவே எடுத்துக்கொண்டேன். என் தாயார் கடைசி நாட்களில், நினைவு தப்பித் தப்பி வந்தபோதெல்லாம், "சாப்பிட்டாயா?" என்றுதான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தகனம் முடிந்து வந்த இரவு, எங்கேயோ அவள் இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருப்பாளோ என்ற நினைப்பில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி புரிந்தது. அது குறையல்ல, பிரார்த்தனை. நாம் அவளை விட்டால் மட்டும் போதாது. அவளும் நம்மை விடவேண்டும்.

அதன் பிறகே பத்தாவது வெண்பா வருகிறது. முதல் வெண்பாவில் இனி எந்தப் பிறவியில் காண்பேன் என்று ஏங்கியவர், இதில் 'நான்' என்றே சொல்லவில்லை. பால் தெளிக்க ஊராரையெல்லாம் அழைக்கிறார். இரங்க வேண்டாம், எல்லாம் சிவமயம் என்கிறார். தனியே நின்றால் இது கடைசியில் ஒட்டவைத்த தத்துவமாகத்தான் தோன்றும். ஒன்பது வெண்பா அழுத பிறகு சொல்வதால் நம்ப முடிகிறது. மறுநாள் காலை பால் தெளிக்கப் போகும்போது உறவினர் நாலு பேர் என்னுடன் நடந்து வந்தார்கள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. வந்ததே போதுமானதாக இருந்தது.

பிரசங்கிகளுக்கு ஒரு விண்ணப்பம்: தீயோடு நிறுத்திவிடாதீர்கள். பத்தாவதையும் பாடுங்கள். அழுதவர்கள் வீட்டுக்குத் திரும்பவேண்டாமா?