சொல்லும் துணைச்சொல்லும்: மொழி கற்பித்தலில் ஒரு குறை

ஒரு மொழியில் சில சொற்கள் தம்முள் பழகி ஒருங்கே வருதலைச் சொற்சேர்க்கை என்பர். இதனைப் பொருண்மை ஆய்வின் ஒரு கூறாக 1951ஆம் ஆண்டில் முன்வைத்தவர் ஆங்கில மொழியியலறிஞர் ஜே. ஆர். ஃபெர்த் ஆவார். எனினும், இவ்வுணர்வு தமிழிலக்கணத்திற்குப் புதியதன்று.

தொல்காப்பியக் கிளவியாக்கம் 'வேறுவினைப் பொதுச்சொல்' குறித்துப் பேசுகிறது. அடிசில் என்பது உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன ஆகிய அனைத்திற்கும் பொதுப்பெயர். ஆதலின், 'அடிசில் உண்டார்' என்னாது 'அடிசில் அயின்றார்' எனப் பொதுவினையால் கூறுதல் வேண்டும் என உரையாசிரியர்கள் விளக்குவர். கொட்டுவனவற்றிற்கும் ஊதுவனவற்றிற்கும் பொதுவாகிய 'இயம்' என்பதற்கு 'இயம்பினார்' என்பது உரிய வினை. இவ்விளக்கங்களில் விதியோடு காரணமும் சேர்ந்து வருதல் ஈண்டு நோக்கத்தக்கது. பெயரின் பொருட்பரப்பும் வினையின் பொருட்பரப்பும் ஒத்தல் வேண்டும் என்பதே அக்காரணம்.

நம் வகுப்பறைகளில் இக்காரணம் பெரும்பாலும் கூறப்படுவதில்லை. இணைமொழி, இரட்டைக்கிளவி, மரபுத்தொடர் ஆகியவை மலேசியத் தமிழ்க் கல்வியில் பட்டியலாகக் கற்பிக்கப்படுகின்றன. மாணவர் மனனம் செய்கின்றனர். ஆனால், தேர்வு எழுதுதல், மருந்து உட்கொள்ளுதல், விளக்கை அணைத்தல் போன்ற அன்றாடச் சேர்க்கைகள் அப்பட்டியல்களுள் அடங்குவதில்லை.

'விளக்கைத் திறந்தான்' என்று ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். அதன் பின்னணியில் 'புக்கா லம்பு' என்னும் மலாய் வழக்கு உள்ளது. மலாய்ச் சொல்லின் பொருட்பரப்பு கதவையும் விளக்கையும் ஒருங்கே தழுவும். தமிழில் 'திற' என்பது அடைப்பை நீக்குதலைக் குறிக்கும். ஆகவே, குழாயைத் திறக்கலாம். விளக்கைத் திறத்தல் பொருந்தாது. இதனைக் கூறாது சிவப்புக் கோடிடுவதால் மாணவர் மதிப்பெண்ணை இழப்பாரேயன்றி மொழியை அறியார்.

இதற்கு மறுதலையாக, 'முடிவெடுத்தல்' என்பதை ஆங்கிலத் தாக்கம் எனக் கூறி விலக்குவாரும் உளர். தாக்கம் இருக்கலாம். ஆயினும், பிறவியெடுத்தல், உருவெடுத்தல், ஓட்டமெடுத்தல் என அருவப் பெயர்களோடு 'எடு' இணைதல் தமிழுக்கு இயல்பே. இன்றைய எழுத்து வழக்கிலும் அது நிலைபெற்றுவிட்டது. எனவே, அதனைப் பிழையெனல் பொருந்தாது.

பிறமொழித் தொடர்பு ஒன்றே பிழைக்குச் சான்றாகாது. தமிழ்வினையின் பொருட்பரப்பு இடந்தருகிறதா, வழக்கு ஏற்றுள்ளதா என்னும் இரண்டையும் ஆராய்ந்தே ஆசிரியர் திருத்துதல் வேண்டும். பாடநூல்களின் அருஞ்சொற்பட்டியல்களும் ஒவ்வொரு பெயருக்கும் பொருளோடு அதற்குரிய வினையையும் தருதல் நலம்.